பத்துப் பெட்டி ஈயும் ஒரு கொத்து வேப்பிலையும்

லாரி பெரியபாளையம் தாண்டியதும் நின்றுவிட்டது. டயர் என்றால் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். பின் அச்சு முறிந்திருந்தது. டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், எழுந்து சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார், பீடி பற்றவைத்துக்கொண்டு "நாளைக்குத்தான்" என்றார். காலை ஒன்பது மணிக்கே சித்திரை வெயிலில் ரோட்டுத் தார் இளகிக்கொண்டிருந்தது. என்னிடம் பத்துப் பெட்டி தேனீ இருந்தது.

அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, வருடம் சரியாக நினைவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். உப்பளம், ஓட்டல், லாரி கிளீனர் என்று எந்த வேலையிலும் ஒரு வருடம் நிலைக்காமல், கடைசியில் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே தேன்பெட்டி வைத்தேன். எங்கள் பக்கம் ரப்பர் துளிர்க்கும் நாட்களில்தான் தேன். பங்குனி போனால் ஈக்குப் பட்டினி. பூ இருக்கிற ஊருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஆரணியாற்றங்கரையில் எள்ளும் புங்கமும் பூக்கும், ஆற்று மணலில் பூசணியும் சுரையும் போடுவார்கள் என்று ரயிலில் ஒரு மாட்டு வியாபாரி சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது போதும் என்று கிளம்பிவிட்டேன். அந்தப் பத்துப் பெட்டியை விட்டால் என் சொத்து ஒரு போர்வையும் ஈக்குப் புகை போடும் ஒரு குழலும்.

அடைத்த பெட்டிக்குள் சூடு ஏறினால் மெழுகு இளகித் தேனடை அறுந்து விழும். ஈ தன் தேனிலேயே மூழ்கிச் சாகும். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் சேந்திச் சேந்திச் சாக்குகளை நனைத்துப் பெட்டிகளின் மேல் போட்டேன். உள்ளங்கை தோல் உரிந்துபோன நேரத்தில் ஒரு மாட்டு வண்டி வந்தது. வைக்கோல் இறக்கிவிட்டுக் காலியாக ஊத்துக்கோட்டை திரும்பும் வண்டி.

"உள்ள இன்னா நைனா?" என்றார் வண்டிக்காரர்.

"தேனீயாக்கும்."

"கடிக்குமா?"

"வாயை அடச்சு வச்சிருக்கேன்."

"நீ அடைச்சிக்கினே. அதுக்குத் தெரியுமா?"

காளைகளைக் கடித்தால் நான்தான் வண்டி இழுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவர் முன்னால் பார்த்து ஓட்டியதைவிடப் பின்னால் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம். பெட்டிக்குள் கேட்கும் இரைச்சல் குறையும்போதெல்லாம் "இன்னாய்யா, கெளம்பிடுச்சா?" என்று கேட்டார்.

மறுநாள் ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவில் காலைச் சாப்பாடு. அங்கே அதற்கு நாஷ்டா என்று பேர். இட்லிக்கு ஒரு சிவப்புச் சட்னி வைத்தார்கள். ஆந்திரா நாலு எட்டில் இருக்கிறது என்பதை நாக்கு முதலில் தெரிந்துகொண்டது. எங்கள் ஊரில் மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்று வளர்ந்தவன் நான். மரச்சீனி உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் யோசித்துவிட்டு, "சீனி டீக்குத்தான் போடுவோம்" என்றார். கையால் காட்டி விளக்கியபின், "அட, குச்சிக் கெழங்கு! அத்தப் போய் நாஷ்டாவுக்குத் துன்னுவாங்களா?" என்று கடை முழுவதும் கேட்கும்படி சிரித்தார். பக்கத்து பெஞ்சிலிருந்து சிரித்தவர்தான் ரங்கையா. தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் சம்சாரி, ஐம்பது வயது, காதில் சிவப்புக் கடுக்கன். ஆற்றோரமாக எள்ளும், அதை ஒட்டிய மணலில் பூசணியும் போட்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன மாந்தோப்பு.

பெட்டி வைக்க இடம் கேட்டேன்.

"எள்ளுப் பூவுல கீற சத்தையெல்லாம் உன் ஈ உறிஞ்சிட்டா எனக்கு இன்னா மிச்சம்?"

"ஈ வந்தா காய் கூடும். பூசணி பிஞ்சு உதிருதா?"

அவர் முகம் மாறியது. இரண்டு வருடமாக உதிர்கிறதாம். அவர் மனைவி விடியற்காலையில் எழுந்து ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் ஒவ்வொன்றாகத் தேய்க்கிறாராம். ஊரில் அதைச் சொல்லிக் கேலி பேசுகிறார்களாம்.

"வெச்சிக்கோ. காய் புடிக்கலேன்னா உன் பொட்டியெல்லாம் ஆத்தோட போவும், சொல்ட்டேன்" என்றார். ஆற்றில் அப்போது மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டிகளை மாந்தோப்பில் இறக்கினேன். ஏழு பெட்டியை எள்ளைப் பார்த்தபடி வைத்தேன். மூன்றுக்கு அங்கே நிழல் போதவில்லை. அவற்றை நிழலுக்குத் தள்ளி, ஆற்றுப் பக்கம் திருப்பி வைத்தேன். எதிர்க்கரையில் புங்கமரங்கள் வரிசையாகப் பூத்திருந்தன. வாயைத் திறந்ததும் ஈக்கள் வெளியே வந்து, பெட்டியின் முகத்தைப் பார்த்தபடியே முன்னும் பின்னும் பறந்து இடத்தை மனப்பாடம் செய்தன. புது ஊரில் நானும் முதலில் அதைத்தான் செய்வேன்.

மூன்றாம் நாள் கன்னியம்மா வந்தாள். இருளர் பெண். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு கடப்பாரை, இடுப்பில் ஒரு துணிப்பை. வரப்பில் எலி வெட்டவும் புதரில் தேன் எடுக்கவும் போகிறவள். பெட்டி மூடியைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். சட்டத்தில் நேராகக் கட்டிய அடையைப் பார்த்து, "ஈக்கு ஊடு கட்டிக் குடுத்துட்டு வாடகை புடுங்கறியா?" என்றாள்.

"அடை அழியாம தேன் எடுக்கலாம் அக்கா."

"நாங்க மட்டும் அழிச்சமா? பாதி அறுத்துக்குவோம், பாதி வுட்டுடுவோம். அடுத்த வாட்டியும் துன்னணும்ல?"

அவள் சொல்லித்தான் அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம் எனக்குத் தெரிந்தது. ஓட்டைப் பானையின் உள்ளே மெழுகைத் தேய்த்து, பனையடியில் கவிழ்த்து வைப்பார்களாம். கூட்டம் பிரிந்து வருகிற ஈ தானாகக் குடியேறும். சம்சாரிகள் தங்கள் வரப்பிலேயே பானை வைக்கச் சொல்லிக் கூப்பிடுவார்களாம், சுரைக்காய் நன்றாகப் பிடிக்கும் என்று. இப்போது எத்தனை பானை இருக்கிறது என்று கேட்டேன்.

"பான கீது. ஈ இல்ல. பல்லி குடியிருக்குது" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. எலி இருக்கிறவரை அவளுக்குக் கவலை இல்லை. ஈ எங்கே போயிற்று என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் பெட்டிகளில் தேன் ஏறிக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்தவன் கேள்வி கேட்பதில்லை.

அந்த ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. ரங்கையாவின் மனைவி தினமும் கேழ்வரகுக் கூழும் கருவாடும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பூசணிக் கொடியைப் பார்க்கப் போவார். ஒருநாள் கொடியிலிருந்து நிமிர்ந்து, "பத்துக்கு எட்டு நிக்குதுப்பா!" என்று கத்தினார். பிஞ்சுகள் கோணாமல் உருண்டையாக நின்றன. அன்று கூழோடு ஒரு முட்டையும் வந்தது.

எட்டாம் நாள் மாலை தண்ணீர் எடுக்கப் போனபோது, எள்ளுக் காட்டின் மூலையில் ஒரு மூங்கில் குச்சி நட்டு அதன் உச்சியில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்ததைப் பார்த்தேன். அடுத்த காட்டிலும் ஒன்று. மறுநாள் விடிந்ததும் பார்த்தால், என் பெட்டிகளுக்கு மிக அருகில் இருந்த மாமரத்திலும் ஒரு கொத்து, என் தலை உயரத்துக்குச் சரியாக.

எங்கள் ஊரில் வேப்பிலை கட்டினால் ஒரே அர்த்தம்தான். வீட்டில் அம்மை. என் அக்காள் பெரியம்மையில் போனாள். எனக்கு அப்போது ஏழு வயது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. எனக்கு அது வந்ததில்லை. வராதவனுக்குத்தான் பயம் அதிகம். ஊரெல்லாம் அம்மை பரவிவிட்டது, வயலுக்குக்கூடக் காப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். தலைத் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த மாமரத்துக் கொத்தைக் கும்பிட்டேன். போர்வையை எடுத்துக்கொண்டு தோப்பின் மறுகோடிக்குப் போனேன். கைவசம் பொரிகடலையும் வெல்லமும் இருந்தன.

சற்று நேரத்தில் ரங்கையா தூரத்து வரப்பில் நின்று கூப்பிட்டார்.

"நைனா! வேப்பல பாத்தியா?"

"பாத்தாச்சு!"

"மூணு நாளு கிட்ட வராத!"

"வரமாட்டேன்! நீங்களும் வரவேண்டாம்!"

"மாடு கீடு இருந்தா கட்டிப் போட்டுடு!"

அம்மைக்கு எதற்கு மாட்டைக் கட்ட வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கும், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். எனக்குத்தான் மாடே இல்லையே.

உச்சிப் பொழுதில் பெட்டிகளைப் பார்க்க வந்தேன். எள்ளைப் பார்த்த ஏழு பெட்டிகளின் முன்னாலும் தரை கறுப்பாக இருந்தது. முதலில் எறும்பு என்று நினைத்தேன். ஈக்கள். சில செத்துக் கிடந்தன. சில மல்லாந்து கிடந்து ஒரே இடத்தில் சுற்றின. எல்லாவற்றுக்கும் நாக்கு வெளியே நீட்டியிருந்தது. இன்னும் வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவை வாசலில் இறங்கத் தெரியாமல் மண்ணில் விழுந்தன. காலில் எள்ளுப் பூவின் மகரந்தம் அப்படியே உருண்டையாக ஒட்டியிருந்தது. கடைசிவரை வேலை செய்துகொண்டு வந்திருக்கின்றன.

நான் உட்கார்ந்துவிட்டேன். கன்னியம்மா வரப்போரமாக வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். தரையைப் பார்த்தாள்.

"ஏன்யா, வாய அடைக்கலியா நீ?"

"அம்மைக்கு ஈயை எதுக்கு அடைக்கணும்?"

"எவளுக்கு அம்மை?"

நான் வேப்பிலைக் கொத்தைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், தரையைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"அது மருந்துய்யா. எள்ளுக்குப் புழு மருந்து அடிச்சிக்கிறாங்க. மாடு மேயக் கூடாதுன்னு வேப்பல கட்டுவாங்க. இங்க பச்சப் புள்ளைக்கும் தெரியும்."

புது விதை, புது உரம் என்று வந்தபோது கூடவே மருந்தும் வந்ததாம். டப்பாவில் மண்டையோடு போட்டிருக்கும்; ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால்தானே தெரியும். ஒரு வருடம் நாலு மாடு மேய்ந்து செத்தபிறகு, தூரத்திலிருந்து பார்த்தாலே ஆள் விலகிப் போகிற அடையாளம் எது என்று யோசித்து வேப்பிலையைக் கட்டினார்களாம். சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். நானும் விலகித்தான் போனேன்.

ரங்கையாவின் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். என் பேச்சு அவசரத்தில் முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சாகிவிட்டது. "எனக்க ஈ எல்லாம் செத்துப் போச்சு! எனக்க பெட்டி ஏழும் போச்சு!"

அவர் வெளியே வந்தார். "வேப்பல கட்டினேனே நைனா! உன் பொட்டி பக்கத்துலயே, உன் கண்ணுக்கு நேரா, நானே போய்க் கட்டினேனே! பாத்தேன்னு சொன்னியே!"

அவர் எனக்காகவே ஒரு கொத்து அதிகம் கட்டியிருக்கிறார். நான் அதைக் கும்பிட்டிருக்கிறேன். நான் நினைத்ததைச் சொன்னதும் அவர் அப்படியே படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ பேஜாரு" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

ஆற்றைப் பார்த்த மூன்று பெட்டிகள் தப்பித்தன. அவை புங்கம் பூவுக்குப் போனவை. நிழல் போதாமல் திருப்பி வைத்ததுதான் அவற்றைக் காப்பாற்றியது.

அன்றே மூட்டை கட்டியிருப்பேன். மறுநாள் காலையில் ரங்கையாவின் மனைவி தோப்புக்கு வந்தார். ஈ போய்விட்டால் நாலு நாளில் பூசணியின் புதுப் பூவெல்லாம் உதிர ஆரம்பித்துவிடும், திரும்பவும் தன்னைத் தேய்க்க வைக்காதே என்றார். பின்னால் நின்ற ரங்கையா, மருந்து அடிக்காமல் இருக்க முடியாது, புழு எள்ளைச் சுருட்டிவிடும் என்றார். இரண்டும் உண்மை. மாமரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு வழி பேசினோம். மருந்தைக் காலையில் அடிக்காமல் விளக்கு வைக்கிற நேரத்தில் அடிப்பது. ஈ வீடு திரும்பிய பிறகு. நான் மறுநாள் முழுக்க ஈரச் சாக்கால் பெட்டி வாயை மூடி, மணிக்கொரு தரம் நனைப்பது. முக்கியமாக, இலையைக் கட்டினால் போதாது. வாயால் சொல்ல வேண்டும்.

மருந்தடிக்கிற ஆட்கள் முரண்டினார்கள். "மசங்கல்ல பாம்பு கடிச்சா எவன் பாக்குறது?" என்றார் ஒருவர்.

கன்னியம்மா வரப்பிலிருந்து நிமிராமலே, "பாம்பு வந்தா கூப்புடு, நான் புடிச்சிக்கிறேன். உன்னக் கண்டு பயந்து ஓடாம இருந்தா" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு முறை மருந்து அடித்தார்கள். இரண்டு முறையும் ரங்கையா நடந்து வந்து, முகத்துக்கு நேராக நின்று, "மருந்து. அம்மை இல்ல. மருந்து" என்று சொல்லிவிட்டுப் போனார். எள்ளு அறுத்த பிறகு மூன்று பெட்டியோடும் ஒரு பெரிய பூசணிக்காயோடும் கிளம்பினேன். காலிப் பெட்டிகள் ஏழையும் அங்கேயே விட்டுவிட முடியாது. அவற்றையும் சுமந்துதான் வந்தேன். காலிப் பெட்டிதான் அதிகக் கனம்.

ஐந்தாறு வருடம் கழித்துத் திரும்பவும் அந்தப் பக்கம் போனேன். அப்போது என்னிடம் பதினான்கு பெட்டி. இந்த முறை இடம் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கம். புதுவாயலில் டீ குடிக்கும்போது, ஒரு மாந்தோப்பு ஆளில்லாமல் கிடக்கிறது, யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னார்கள். ஏன் கேட்க மாட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவே இல்லை.

தோப்புக்கு அந்தப் பக்கம் நிலத்தைச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். முள்கம்பி வேலி, சிமெண்டுக் கம்பங்கள், செங்கல் குவியல். வேலியோரம் கூலியாட்களின் ஓலைக் குடிசைகள் ஏழெட்டு. பெட்டிகளை இறக்கி வாயைத் திறக்கும் முன்பே பார்த்துவிட்டேன். முதல் குடிசைக்கு முன்னால், ஒரு குச்சியில் வேப்பிலைக் கொத்து. பச்சையாக, அன்று காலையில் கட்டியது.

இந்த முறை நான் ஏமாறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பதினான்கு பெட்டியின் வாயையும் திறக்காமல் ஈரச் சாக்கால் மூடினேன். அரை மைல் தள்ளி ஒரு குட்டையில்தான் தண்ணீர். குடத்தைச் சுமந்து சுமந்து மூன்று நாள் நனைத்தேன். பயணத்தில் ஒரு பகல் வேறு அடைபட்டு வந்த ஈக்கள். மூன்றாம் நாள் பிற்பகல் ஒரு பெட்டியில் இரைச்சல் நின்றுபோயிற்று. மூடியைத் தூக்கினால், அடை அறுந்து விழுந்து, எல்லாம் தேனில் முழுகிக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே.

குடத்தோடு போய்வருகிற என்னைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், அன்று முதல் குடிசையிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏன்யா, நானும் பாத்துக்கினே கீறேன். அந்தப் பொட்டிங்களுக்கு இன்னாத்துக்கு இந்தத் தண்ணி?"

"உள்ள தேனீ. மருந்து போறவரை அடச்சு வைக்கணுமில்ல?"

"இன்னா மருந்து?"

குச்சியைக் காட்டினேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"மருந்தடிக்க இங்க வயலு எங்கய்யா கீது? நாங்க வெச்சிருந்த ஒண்ணரக் காணியும் சேத்து எல்லாம் கம்பெனிக்குப் பூடுச்சி. எங்க ஊட்டுக்காரருக்கு அம்மா போட்டிருக்குது."

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் முனகியது. "யாருடி அது?"

"ஒண்ணுமில்ல, நீ சொறியாம படு. ஈக்காரரு. உனக்கு அம்மா வந்ததுக்கு ஈக்குப் பத்தியம் வெச்சிக்கிறாரு."

நான் ஓடிப்போய்ச் சாக்குகளை உருவினேன். பன்னிரண்டு பெட்டியிலிருந்தும் ஈ பொங்கிக்கொண்டு வந்தது. அவை எங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எள் இல்லை. சுரைக்கொடி இல்லை. வெகுநேரம் உயரத்தில் சுற்றிவிட்டு, தோப்பின் மீதிப் பூவுக்கும், வேலியோரத்து முட்செடிகளுக்கும் பிரிந்து போயின. விஷம் இல்லாத ஊர்தான். பூவும் இல்லாத ஊர்.

அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டு ஆளுக்குத் தண்ணீர் ஊற்றும்வரை இருந்தேன். காரணம் என்னவென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கிண்ணம் தேன் கொண்டுபோனேன். வாசலுக்கு வெளியே எட்டி நின்றுதான் நீட்டினேன். அவள் கையை ஆட்டினாள். "தேனு சூடு, ஆவாது. மூணு தண்ணி ஊத்தட்டும், அப்பால குடு." வெயிலில் செத்த இரண்டு பெட்டியின் அடைகளை மெழுகுக்காக உருக்கிக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று காலையில், தலை நனைந்த ஒரு நெட்டை மனிதர் வாசலில் உட்கார்ந்து, என் தேனை விரலால் வழித்து நக்கினார். ருசி பார்த்துவிட்டு என் பெட்டிகள் இருந்த தோப்பைக் கையால் காட்டி, "அதுக்கு இந்தாண்டதான் எங்க எள்ளுக் காடு இருந்துச்சி" என்றார். மறுநாளிலிருந்து அவர் அதே நிலத்தில் கல் சுமக்கப் போக வேண்டும்.

சாயங்காலம் லாரி வந்தது. ஈ திரும்பிய பிறகு பெட்டி வாய்களை அடைத்துக் கடைசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் குச்சியைப் பிடுங்கி, காய்ந்த வேப்பிலைக் கொத்தை அவிழ்த்து, தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"ஈக்காரரே! அவுத்துட்டேன்! எங்க போய் எறங்கினாலும் இலையப் பாக்காத, ஆளக் கேளு!"